பனிநாட்டுப் புத்தகம், உப்புக்காற்று வீடு: வாசகர் கேள்வி – பதில்

நோர்வே, டென்மார்க், சுவீடன் பக்கம் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுக்கும் வீடு, தோட்டம், கைப்பணிப் புத்தகங்களைப் பற்றித்தான் இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல். திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகள் ஒஸ்லோவிலிருந்து மூன்று புத்தகங்கள் கொண்டுவந்தாள். எல்லாப் படத்திலும் வெள்ளைச் சுவர், கம்பளிப் போர்வை, திரை போடாத பெரிய யன்னல். பார்க்க ஆசையாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எதை எடுக்கலாம், எதை விடலாம்?
*– வாசகி, உவர்மலை*

அந்தப் புத்தகங்கள் இருட்டுக்கும் குளிருக்கும் மருந்தாக எழுதப்பட்டவை அம்மா. ஸ்ரொக்ஹோம் வடக்கே 59 பாகையில் இருக்கிறது. டிசெம்பர் நடுவில் அங்கே பகல் ஆறு மணித்தியாலம் சொச்சம்தான். நாங்கள் எட்டரைப் பாகையில் இருக்கிறோம். வருடத்தின் மிகக் குறுகிய நாளிலும் பதினொன்றரை மணித்தியாலம் வெளிச்சம். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, ‘இது வெளிச்சத்தையோ சூட்டையோ உள்ளே கொண்டுவரும் வேலையா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் அதை விடுங்கள், அல்லது தலைகீழாகச் செய்யுங்கள்.

வெள்ளைச் சுவர் அங்கே சாய்ந்து வரும் மெல்லிய வெளிச்சத்தை அறைக்குள் பரப்புகிறது. இங்கே முற்றத்தைப் பார்த்த சுவருக்கு வெள்ளை அடித்தால் மத்தியானம் கண் கூசும். அந்தச் சுவருக்குச் சந்தன நிறமோ வெளிர் சாம்பலோ போதும். உள்ளே இருண்டு கிடக்கும் நடை, சாமியறை, குசினியின் பின்சுவர் ஆகியவற்றுக்கு வெள்ளை அடியுங்கள். அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது. திரையில்லாத யன்னலும் அப்படியே. மேற்கு யன்னலைத் திறந்த கண்ணாடியாக விட்டால் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் கூடத்தில் இருக்க முடியாது. உள்ளே திரை போடுவது அரைவாசி மருந்துதான், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு சூடு அறைக்குள்ளேதான் நிற்கும். மறைப்பு வெளியே இருக்கவேண்டும். கிடுகுத் தட்டியோ மூங்கில் தட்டியோ யன்னலிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் இடையில் காற்றும் ஓடும்.

தயங்காமல் எடுக்கவேண்டியது அவர்களுடைய விளக்கு வைக்கும் முறையை. நம் வீடுகளில் கூரை நடுவே ஒரு ரியூப் லைட், அதுவும் நீலம் பாய்ந்த வெள்ளை. ஆளின் முகம் பிணம் மாதிரித் தெரியும். டென்மார்க்கின் போல் ஹென்னிங்சன் 1920களிலிருந்து விளக்கு வடிவமைத்தவர். 1958இல் வந்த அவருடைய பி.எச்.5 விளக்கின் அடுக்குத் தட்டுகள் குமிழைக் கண்ணில் படாமல் மறைத்து, வெளிச்சத்தை மட்டும் மேசைக்கு இறக்கிவிடும். அந்த விளக்கு வாங்கத் தேவையில்லை. பெட்டியில் 2700 கெல்வின் (மஞ்சள் வெளிச்சம்) என்று அச்சிட்ட, 4 அல்லது 5 வாற் எல்.ஈ.டி. குமிழ் மூன்றை வாங்கி, கூடத்தின் மூன்று மூலைகளில், கதிரையில் இருப்பவரின் கண்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். பனையோலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தாலே நல்ல மூடி, எல்.ஈ.டி. குமிழ் என்றால் மட்டும், அதுவும் ஓலை குமிழில் முட்டாமல். படிக்கும் பிள்ளைக்கு வேறு விளக்கு வேண்டும், இது போதாது. மஞ்சள் வெளிச்சத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு: மாரியில் ஈசலும் பூச்சியும் நீல வெள்ளைக்கு மொய்க்கும் அளவுக்கு இதற்கு மொய்க்காது.

கம்பளியைத் தொடவேண்டாம். வியர்வை பட்ட கம்பளியை அந்துப்பூச்சி தின்னும். படத்தில் அது தரும் சொரசொரப்புத்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் தடித்த நெசவாகப் பார்த்து எடுங்கள். கழுவலாம், வெயிலில் போடலாம்.

புத்தகத்தில் உள்ளது போல நீளமான மெழுகுதிரி வாங்கி மேசையில் வைத்தேன். கொளுத்த முன்னமே வளைந்துவிட்டது. கொளுத்தினால் கரும்புகை.
*– வாசகர், கிண்ணியா*

அங்கே விற்கும் நீட்டு மெழுகுதிரிகளில் பல ஸ்ரியரின் எனும் இறுக்கமான மெழுகு, அறையும் 20 பாகைச் சூட்டில் இருக்கும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் பரபின். அது உருகுவதற்கு வெகு முன்னரே இளகும். தகரக் கூரையின் கீழ் மத்தியானம் நிமிர்ந்து நிற்காது. கட்டையான, தடித்த மெழுகுதிரியைக் கண்ணாடிக் குவளைக்குள் வையுங்கள். புகைக்குக் காரணம் இரண்டு: திரிநூல் நீளம், மின்விசிறி. ஒவ்வொரு முறையும் கொளுத்த முன் நூலை 5 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். விசிறிக்குக் கீழே எந்த மெழுகுதிரியும் புகைக்கும், ஒரு பக்கமாக வழியும்.

விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு மெழுகுதிரி பார்ப்பதில் என்ன சுகம் என்று எமக்கு விளங்கவில்லை. விறாந்தையில் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கு இதைவிட நன்று. தடித்த கண்ணாடிக் குவளையில் முக்கால்வாசி தண்ணீர், அதன் மேல் ஒன்றரைச் செ.மீ. எண்ணெய், மிதக்கும் திரி. எண்ணெய் முடிந்ததும் தண்ணீர் தொட்டுத் தானாக அணையும். அணையும் நேரம் படபடவென்று தெறிக்கும். திரைச்சீலை பக்கத்தில் இருக்கக்கூடாது.

சுவீடன் தோட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பலகை அடித்து உயரப் பாத்தி கட்டினேன். தெற்குச் சுவர் ஓரம் வைக்கச் சொல்லியிருந்தது, வைத்தேன். மார்ச்சில் மிளகாய், கத்தரி, போஞ்சி விதைத்தேன். ஜூனில் எல்லாம் கருகிவிட்டது. எரு போடாத குறையா?
*– வாசகர், நிலாவெளி*

எரு குறையில்லை. நீங்கள் பின்பற்றிய மூன்று ஆலோசனையும் அந்த நாட்டுக்குச் சரி, நிலாவெளிக்கு நேர்மாறு.

முதலில் பாத்தி. சுவீடனில் சரக்குத் தட்டுகளின் மேல் பொருத்தும் மரச் சட்டத்தைத்தான் தோட்டப் பாத்தியாக வைப்பார்கள்: 120 செ.மீ. நீளம், 80 அகலம், 20 உயரம். பனி கரைந்து ஈரமாய்க் கிடக்கும் நிலத்தில் மண்ணை உயர்த்தினால் நீர் வடியும், வெயில் நான்கு பக்கத்தாலும் பட்டு மண் சீக்கிரம் சூடாகும். இந்த இரண்டும் உங்கள் கடற்கரை மணலுக்கு ஏற்கெனவே உள்ள வியாதிகள். ஆகவே சிறுபோகக் காலத்தில், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, தாழ்பாத்தி போடுங்கள்: ஒரு மீற்றர் அகலம், நடைபாதையிலிருந்து 15 செ.மீ. கீழே. அதற்கு முன் 30 செ.மீ. தோண்டி, ஒரு நாள் ஊறவைத்த பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்கும்படி ஒரு வரிசை அடுக்கி மண்ணால் மூடுங்கள். மட்டை நீரைப் பிடித்து வைத்திருக்கும். மணலில் ஊற்றும் தண்ணீர் நேரே கீழே போய்விடாது.

அந்தப் பலகைச் சட்டத்தை எறியவேண்டாம். ஒக்டோபரில் மழை தொடங்கும்போது அதே சட்டம் உங்களுக்கு உதவும், ஏனென்றால் நவம்பர், டிசெம்பரில் எமக்கும் வடிகால்தான் பிரச்சினை. 120 க்கு 80 க்கு 20 என்றால் ஏறத்தாழ 190 லீற்றர் கொள்ளும். பத்து லீற்றர் வாளியால் பத்து வாளி மேல்மண், ஆறு வாளி நன்றாக மக்கிய கூட்டெரு, மூன்று வாளி தும்புச்சோறு. தும்புச்சோற்றை அப்படியே போடக்கூடாது. உவர் நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததென்றால் உப்பு நிறைய இருக்கும். சாக்கில் கட்டி நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவிட்டுப் பிழியுங்கள். தம்பலகாமத்துப் பக்கம் நெல் ஆலையில் கருக்கிய உமி கிடைத்தால் தும்புச்சோற்றில் ஒரு வாளியைக் குறைத்து அதைச் சேர்க்கலாம்.

அடுத்தது தெற்குச் சுவர். ஸ்கண்டிநேவியாவில் மத்தியானச் சூரியன் வருடம் முழுவதும் தெற்கில்தான். இங்கே சூரியன் ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை நேர் உச்சியில் வரும். இடைப்பட்ட நான்கரை மாதமும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். தெற்கு, வடக்கு என்ற கணக்கே இங்கே செல்லாது. கிழக்கும் மேற்கும்தான் கணக்கு. வீட்டின் கிழக்குப் புறம் காலை வெயில் பட்டு மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழும் இடம் கீரை, மல்லி, நாற்றுமேடை எல்லாவற்றுக்கும் உகந்தது. மேற்குச் சுவரோரம் எதையும் நடவேண்டாம். இரவு எட்டு மணிக்கும் அந்தச் சுவர் சூட்டைக் கக்கும். ‘முழு வெயில்’ என்று புத்தகம் எழுதினால் மிளகாய், கத்தரி, வெண்டிக்குக்கூட அதைக் காலை முதல் ஒரு மணி வரை என்று வாசியுங்கள். அதற்கு வசதியில்லாவிட்டால் மே முதல் ஓகஸ்ட் வரை 50 வீத நிழல்வலையை இரண்டு மீற்றர் உயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் கீழே சூடு தேங்கும்.

மூன்றாவது மார்ச். அங்கே உறைபனி முடியும் நாளை வைத்து விதைப்பார்கள், நீங்கள் மழை தொடங்கும் நாளை வையுங்கள். மிளகாய், கத்தரி நாற்றுமேடை செப்டெம்பர் முதல் வாரம். முதல் மழையில் நிலம் நனைந்ததும் ஒக்டோபர் நடுவில் நடுகை. வெண்டியை நேரே விதைக்கலாம்: விதையை ஓர் இரவு ஊறவைத்து, குழிக்கு இரண்டு, வரிசைக்கு வரிசை 90, செடிக்குச் செடி 60 செ.மீ. அடைமழை நாட்களில் நாற்றின் தண்டு நிலமட்டத்தில் அழுகிச் சாயும். நோய்க்கு மருந்து அடிக்க முன்னர், நாற்றுமேடைக்கு மேல் பக்கங்கள் திறந்த பொலித்தீன் கூரை போட்டு, தண்ணீர் ஊற்றுவதைக் குறையுங்கள். போஞ்சியை இந்தக் கரையோரம் விட்டுவிடுங்கள், சூட்டில் பூ உதிரும், உப்பையும் தாங்காது. பயற்றங்காய் போடுங்கள்.

காற்றையும் பார்க்கவேண்டும். மாரியில் வடகீழ்க் காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும், கோடையில் கச்சான் காற்று தரையிலிருந்து அனலைக் கொண்டுவரும். இரண்டுக்கும் மதில் தடுப்பு அல்ல. மதிலில் முட்டிய காற்று மேலே ஏறிச் சுழன்று மறுபக்கம் செடியின் தலையில் விழும். பாதிக் காற்றை விடும் வேலிதான் வேண்டும்: இடைவெளி விட்டுக் கட்டிய கிடுகு, அல்லது கிளிசிரியாக் கதியாலும் பூவரசும் கலந்த உயிர்வேலி. வேலியின் உயரத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்று தணியும்.

கோடையில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஆறேழு லீற்றர் தண்ணீர் வேண்டும். காலையில் பாதி, பின்னேரம் பாதி. ஒரேயடியாக ஊற்றினால் மணல் தாங்காது. பசளைக்கும் இதே கணக்கு, இரு வாரத்துக்கொருமுறை சிறிது சிறிதாக. ஓகஸ்டில் கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகினால் அது உப்பு, தண்ணீர்ப் பஞ்சமல்ல. அந்த நீரை இலையில் படாமல் அடியில் மட்டும் விடுங்கள். மண்ணை மூட வைக்கலைவிடக் கிளிசிரியா இலை நல்லது. காய்ந்த வைக்கலுக்குக் கறையான் வரும்.

அதே புத்தகத்தில் உள்ள ரூலிப், லவெண்டர், ருபார்ப் அத்தியாயங்களைப் படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ரூலிப் கிழங்கு பூக்க மூன்று மாதம் குளிரில் கிடக்கவேண்டும். சதகுப்பை மட்டும் டிசெம்பரில் விதைத்தால் பெப்ரவரிக்குள் இலை கிள்ளலாம், பிறகு பூத்து முடிந்துவிடும்.

கடலுக்குப் பக்கத்து வீடு. வெள்ளை எமல்சன் அடித்து ஆறு மாதத்தில் அடிச்சுவர் கொப்பளித்து உப்புப் பூக்கிறது. புத்தகத்தில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார்கள். சரிவருமா?
*– வாசகி, திருக்கடலூர்*

சரிவரும். இதில் அவர்கள் சொல்வதும் எங்கள் பழைய ஆட்கள் செய்ததும் ஒன்றுதான். எமல்சன் ஒரு பிளாஸ்ரிக் தோல். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தோலைத் தள்ளுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு அங்கேயே பளிங்காகிச் சாந்தைப் பொடியாக்குகிறது. அதற்கு மேல் சீமெந்து பூசி அடைத்தால் ஈரம் இன்னும் ஓரடி உயர ஏறும், அவ்வளவுதான்.

மார்ச்சுக்குப் பிறகு, சுவர் காய்ந்திருக்கும்போது தொடங்குங்கள். ஈரக்கறை ஏறிய உயரத்துக்கு மேல் இன்னும் 50 செ.மீ. வரை எமல்சனை முழுக்கச் சுரண்டவேண்டும். அரைகுறையாகச் சுரண்டினால் சுண்ணாம்பு ஒட்டாது. பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். கழுவக்கூடாது, கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே போகும். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் குறைந்தது ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, பால் பதத்துக்குக் கரையுங்கள். கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும். சுவரை நனைத்து, மெல்லிதாக ஒரு பூச்சு. ஈரத்தில் அடித்ததே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். பயந்து மேலே மேலே அப்பவேண்டாம். நாளுக்கு ஒரு பூச்சாக நான்கு பூச்சு.

கையில் மா மாதிரி ஒட்டுகிறது என்று முறைப்பாடு வருவது பெரும்பாலும் கச்சான் வீசும் மத்தியானத்தில் அடித்த சுவர்களில். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றிலுள்ள கரியமிலவாயுவும் கொஞ்சம் ஈரமும் தேவை. ஈரம் ஒரு மணியில் பறந்துவிட்டால் அது வெறும் தூளாகவே நிற்கும். பின்னேரம் அடித்து, மறுநாள் காலை தண்ணீர் தெளியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். கலவையில் கறியுப்புச் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. உப்பால் கெட்ட சுவருக்கு அது வேண்டாம்.

பழைய சீலைகள் நிறைய இருக்கின்றன. சுவீடன் புத்தகத்தில் பழந்துணி விரிப்பு நெய்ய தறி கேட்கிறது. தறியில்லாமல் செய்யலாமா? ஒருமுறை பின்னித் தைத்தேன், கிண்ணம் போல குவிந்துவிட்டது.
*– வாசகி, ஆலங்கேணி*

செய்யலாம். நீங்கள் செய்தது பின்னல் விரிப்பு. குவிந்ததற்குக் காரணம் ஒன்றே, வளைவில் வெளிச்சுற்றை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். வெளிச்சுற்று எப்போதும் உட்சுற்றைவிட நீளம். அந்த நீளத்தை வளைவில் நீங்களே கொடுக்கவேண்டும்.

90 செ.மீ. நீளம், 60 அகலமுள்ள நீள்வட்ட விரிப்பை எடுத்துக்கொள்வோம். பருத்திச் சீலை இரண்டு வேண்டும். நைலெக்ஸ், ஜோர்ஜட் வழுக்கும், பின்னல் நிற்காது. சாயம் போகும் சீலையைத் தனியே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவையுங்கள், தைத்த பிறகு சாயம் ஊறினால் ஒன்றும் செய்ய இயலாது. சீலையை நீளவாட்டில் 5 செ.மீ. நாடாக்களாகக் கிழியுங்கள், மெல்லிய வொயில் என்றால் 7. ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்து இழுத்தால் நேராகக் கிழியும். ஒரு சீலையில் இருபது நாடா சொச்சம், ஒவ்வொன்றும் ஐந்து மீற்றர். நாடாவின் நுனிகளை இணைக்கும்போது நேராகத் தைக்காமல் மூலைவாட்டில் தைத்தால் முடிச்சு மாதிரித் தடிக்காது.

மூன்று நாடாவையும் வேறு வேறு நீளத்தில் தொடங்குங்கள், இணைப்புகள் ஒரே இடத்தில் வராது. யன்னல் கம்பியில் கட்டி, கிழிந்த ஓரங்களை உள்ளே மடித்தபடி சாதாரண மூன்றுபிரிப் பின்னல். பின்னும்போது நீளத்தில் மூன்றில் ஒன்று குறையும். மூன்று மீற்றர் நாடாவுக்கு இரண்டு மீற்றர் பின்னல் என்று கணக்குப் போடுங்கள். பின்னல் இரண்டு செ.மீ. அகலம் வந்தால் சரி.

நடுப்பின்னலின் நீளம், விரிப்பின் நீளத்தில் அகலத்தைக் கழித்தது: 90 இல் 60 போக 30 செ.மீ. அந்த 30 இல் மடித்து, பக்கத்தில் பக்கமாக வைத்துத் தொடருங்கள். பின்னலைத் துளைத்துத் தைக்கவேண்டாம். சாக்கூசியின் மொட்டை நுனியால், உட்பின்னலின் ஒரு கண்ணிக்குள்ளும் வெளிப்பின்னலின் ஒரு கண்ணிக்குள்ளும் மாறி மாறி நூலை ஓட்டி இழுத்தால் நூல் வெளியே தெரியாது. தையல் நூல் அறுந்துபோகும். கடற்கரைக் கடையில் கிடைக்கும் வலைநூலில் மெல்லியது சாகும்வரை இருக்கும். நேர்ப்பக்கங்களில் கண்ணிக்குக் கண்ணி. வளைவில் மட்டும் உட்பக்கம் ஒரு கண்ணிக்கு வெளிப்பக்கம் இரண்டு. அப்படி ஒவ்வொரு முனையிலும் முதல் சுற்றில் மூன்று இடத்தில் கூட்டுங்கள், பின்வரும் சுற்றுகளில் தேவைப்பட்டால் நான்கைந்து. எப்போதும் மேசையில் தட்டையாக வைத்துத்தான் தைக்கவேண்டும். மடியில் வைத்தால் மடியின் வடிவம்தான் வரும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கையால் தடவிப் பாருங்கள். விளிம்பு மேலே எழும்பினால் கூட்டியது போதாது, சுருக்கு விழுந்து அலைபோல் நின்றால் கூடிவிட்டது. அந்தச் சுற்றை அப்போதே பிரியுங்கள், அடுத்த சுற்றில் சரிசெய்யலாம் என்பது நடக்காது. கடைசி 15 செ.மீ. இல் நாடாக்களைப் பாதி அகலமாக வெட்டி ஒடுக்கிப் பின்னி, நுனியை அயல் கண்ணிகளுக்குள் செருகிவிடுங்கள்.

இதைவிடப் பெரிதாகச் செய்யவேண்டாம். மாரியில் நனைந்தால் காய இரண்டு மூன்று நாள் எடுக்கும், அதற்குள் மணக்கும். மினுக்கிய சீமெந்துத் தரையில் வழுக்கும், அடியில் இறப்பர் வலைத்துண்டு ஒன்று போடுங்கள்.

டெனிஷ் குரோசே புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பில் உள்ள நட்சத்திர மேசைவிரிப்பைப் பின்னினேன். படத்தில் உள்ளதைவிட மிகவும் பெரிதாக, தொளதொளவென்று வந்துவிட்டது.
*– வாசகி, சாம்பல்தீவு*

பிரித்தானியக் குறிப்பை அமெரிக்க முறையில் வாசித்திருப்பீர்கள். அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்பதைப் பிரித்தானியர் ‘டபிள்’ என்பார்கள், அமெரிக்க ‘டபிள்’ பிரித்தானியருக்கு ‘ட்ரெபிள்’. பிரித்தானிய ‘டபிள்’ என்பதை அமெரிக்க ‘டபிள்’ என்று எடுத்தால் ஒவ்வொரு தையலும் ஒரு படி உயர்ந்துவிடும், விரிப்பும் பெருகும். பக்கங்களில் எங்காவது ‘சிங்கிள்’ என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை என்று உறுதி. பிரித்தானிய முறையில் அப்படியொரு தையலே இல்லை. மூல டெனிஷ் பதிப்பு கிடைத்தால் ‘ஃபாஸ்ட்மாஸ்கே’ என்பது பிரித்தானிய டபிள், ‘ஸ்டாங்மாஸ்கே’ பிரித்தானிய ட்ரெபிள். கம்பளிக்கு எழுதிய அளவைப் பருத்தி நூலில் செய்வதென்றால் முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, கழுவிக் காயவைத்த பிறகு அளந்து பாருங்கள். பருத்தி கழுவினால் சுருங்கும், கம்பளி போல இழுத்தால் திரும்பி வராது.

தேக்கு மேசைக்குச் சவர்க்காரம் பூசும் முறையை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். செய்யலாமா? தட்டையாகப் பெட்டியில் வரும் பலகைத் தளபாடம் வாங்குவது பற்றியும் சொல்லுங்கள்.
*– வாசகர், பாலையூற்று*

வெந்நீரில் கரைத்த சவர்க்காரச் செதிலை ஊறவிடுவது பீச், ஆஷ், ஓக் போன்ற வெளிறிய மரங்களுக்கான முறை. தேக்கும் முதிரையும் அப்படி வெளிறியவை அல்ல, அவற்றின் நிறம்தான் அழகு. அவற்றுக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு. துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்து, மாரியில் கரும்பூஞ்சணம் பிடிக்கும். பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரைதான் செய்யலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பற்றும், இது மிகைப்படுத்தல் அல்ல. தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பெட்டியில் வரும் தூள்பலகைத் தளபாடத்தின் எதிரி ஈரமான தரை. வாங்கினால் அடியில் 5 செ.மீ. கால் பூட்டி, வெட்டுமுகங்கள் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு அடியுங்கள். ஒருமுறை ஊதிய பலகை பழைய நிலைக்கு வராது. திருகாணியும் பிணைச்சலும் கறள் பிடிக்காத எஃகோ பித்தளையோ என்று பார்த்து மாற்றுங்கள்.

முதலாவதாக எந்த மாதிரிப் புத்தகம் வாங்குவது?
*– வாசகி, தம்பலகாமம்*

கைப்பணியும் திருத்தவேலையும் சொல்லும் புத்தகம் முதலில், அலங்காரம் பிறகு, தோட்டம் கடைசி. 2016 இன் கடைசிப் பகுதியில் இலண்டன் பதிப்பகங்கள் டெனிஷ் வீட்டுச்சுகத்தைப் பற்றி வரிசையாகப் புத்தகம் இறக்கின. அவற்றில் பலவற்றில் தேநீர்க் கோப்பைப் படங்களை எடுத்துவிட்டால் இருபது பக்கம் மிஞ்சாது. கடையில் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள்: அளவு செ.மீ. இல் இருக்கிறதா, படிமுறைக்குக் கோட்டுப்படம் இருக்கிறதா, பின்னால் சொல்லடைவு இருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் நூலகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தோட்டத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் தமிழ்த் துண்டுப்பிரசுரங்களே போதும். பனிநாட்டுத் தோட்டப் புத்தகத்தில் எமக்கு உதவும் அத்தியாயம் கூட்டெரு ஒன்றுதான், அதிலும் அவர்கள் ஒரு வருடம் என்பதை நீங்கள் மூன்று மாதம் என்று எடுத்து, குவியலைக் காயவிடாமல் மூடிவைக்கவேண்டும்.

அந்தப் புத்தகங்களே பூஞ்சணம் பிடிக்கின்றன. போன மாரியில் கூரை ஒழுகி இரண்டு நனைந்தும் விட்டன.
*– வாசகர், மூதூர்*

புத்தகத் தட்டை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், ஐந்து செ.மீ. இடைவெளி விடுங்கள். கண்ணாடிக் கதவு அலுமாரி என்றால் மாரியிலும் வெயில் எறிக்கும் நாளில் திறந்துவையுங்கள். இறுக்கமாக அடுக்கினால் நடுவில் ஈரம் தேங்கும், ஒரு விரல் நுழையும் தளர்ச்சி வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை வீட்டுக்குள் தட்டக்கூடாது. வெளியே நிழலில் வைத்துக் காயவிட்டு, வாய்க்கவசம் போட்டு, மென்தூரிகையால் உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஈரத்தோடு துடைத்தால் கறையாக உள்ளிறங்கும். இராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்கவேண்டாம், இல்லாவிட்டால் தாளில் பனித்துளி படியும்.

நனைந்தவற்றில்தான் அவசரம். இந்த வகைப் புத்தகங்கள் எல்லாம் மினுக்கத் தாள். அதன் மேல் களிமண் பூச்சு உண்டு, நனைந்து காயும்போது அது பசையாகி எல்லாப் பக்கமும் ஒரே கட்டையாகிவிடும். ஒட்டிக் காய்ந்ததைப் பிரிக்க வழியில்லை, கத்தி விட்டால் படம் உரிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் வெண்ணெய்த்தாளோ மெல்லிய பொலித்தீனோ செருகி, விரித்து நிறுத்தி, விசிறியின் எதிரே வையுங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளையும். அன்றைக்கே அதற்கு நேரமில்லையென்றால் பையில் கட்டி உறைபெட்டிக்குள் தள்ளுங்கள். உறைந்த நிலையில் அது ஒட்டாது. மழை விட்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கம் பிரித்துக் காயவைக்கலாம்.